சேற்றில் சேரும் பாறைத்தூள்: எண்ணெய்க் கிணறு தோண்டும்போது அதை எப்படிப் பிரிப்பது?

12¼ அங்குல பிட்டைக் (பாறையை நொறுக்கும் துளைமுனை) கொண்டு ஒரு மீட்டர் ஆழம் இறங்கினால் சுமார் 76 லிட்டர் பாறை நொறுங்குகிறது. 500 மீட்டர் இறங்கினால் 38 கனமீட்டர். எடைக்கணக்கில், பாறையின் அடர்த்தியைப் பொறுத்து, 85 முதல் 100 டன் வரை. இவ்வளவும் கிணற்றின் வாய் வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும். அதைத் தூக்கி வருவது ரிக்கில் (துளையிடும் தளத்தில்) ‘மட்’ என்று அழைக்கப்படும் துளையிடும் சேறு. தூக்கி வந்ததைச் சேற்றிலிருந்து பிரித்து வெளியே தள்ளும் வேலைக்கு சாலிட்ஸ் கன்ட்ரோல் என்று பெயர். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சேறு போகும் வழி எளிது. தொட்டியிலிருந்து மட் பம்ப் அதை உறிஞ்சி, டிரில் பைப்புக்குள் அழுத்தி அனுப்புகிறது. அடியில் பிட்டின் நாசில்கள் வழியாகப் பீய்ச்சி அடித்து, நொறுங்கிய பாறையை அள்ளிக்கொண்டு, பைப்புக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மேலேறுகிறது. மேலே வந்ததும் ஷேக்கர் (அதிரும் சல்லடை), அடுத்து வரிசையாகத் தொட்டிகள், மறுபடியும் பம்ப். வழியில் எங்கும் பிரிக்கப்படாத துகள் அடுத்த சுற்றில் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கும்.

சேற்றில் இருக்கும் திடப்பொருள் எல்லாமே வேண்டாதது என்று நினைத்துவிடக் கூடாது. சேற்றுக்குக் கொழகொழப்புத் தந்து, கிணற்றுச் சுவரில் மெல்லிய படலம் கட்டுவது பென்டோனைட் என்ற களிமண். இந்திய ரிக்குகளுக்குப் பெரும்பாலும் குஜராத்தின் கச்சிலிருந்து வரும். எடை கூட்டுவது பாரைட் என்ற கனமான கனிமத்தூள். இது ஆந்திராவின் மங்கம்பேட்டைச் சுரங்கச் சரக்கு. இரண்டும் காசு கொடுத்து வாங்கிக் கலப்பவை. பாறையிலிருந்து வரும் களிமண், மணல், சுண்ணாம்புத் தூள் ஆகியவைதான் அழையா விருந்தாளிகள். பாரைட்டின் ஒப்படர்த்தி 4.2. பாறைத்தூள், பென்டோனைட் இரண்டுக்கும் ஏறக்குறைய 2.6. இந்த 2.6 வகையை ரிக்கில் எல்.ஜி.எஸ். என்பார்கள், எடை குறைந்த திடப்பொருள் என்று பொருள். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் எல்லாம் இவற்றில்தான் நிற்கின்றன.

துகள் சிறுக்கச் சிறுக்கத் தொல்லை பெருகும்

புதிதாக வருபவர்களுக்கு மணல்தான் எதிரி என்று தோன்றும். மணல் பம்பைத் தேய்க்கும், உண்மைதான். ஆனால் அதைப் பிடிப்பது எளிது. பிடிக்க முடியாதது அதைவிட நுண்ணிய தூள்.

ஒரு மில்லிமீட்டர் கனசதுரத் துகள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் கனசதுரங்களாக உடைத்தால் நூறு கோடி துண்டுகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மில்லிமீட்டர் ஆகிவிடும். பாறையின் அளவு அதேதான், பரப்பு ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு பரப்பும் தன்மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சேற்றிலுள்ள வேதிப்பொருளையும் உறிஞ்சும். ஓடுவதற்கு மிஞ்சும் தண்ணீர் குறைவதால் சேறு கெட்டிப்படுகிறது.

உடைப்பது யார்? நாம்தான். பிட் நாசிலின் பீச்சல், மட் பம்பின் வால்வுகள், தொட்டிகளுக்கு இடையே ஓடும் சென்ட்ரிஃப்யூகல் பம்புகள் என்று ஒவ்வொரு சுற்றிலும் துகள் அரைபடுகிறது. முதல் சுற்றில் ஷேக்கரில் சிக்கியிருக்கக்கூடிய துண்டு, நான்கைந்து சுற்றுக்குப் பின் எந்த இயந்திரத்துக்கும் சிக்காத 2 மைக்ரான் தூளாகிவிடும். எனவே கட்டிங்ஸ் (நொறுங்கிய பாறைத் துண்டுகள்) முதல்முறை மேலே வரும்போதே, பெரிதாக இருக்கும்போதே, பிடித்துவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் கருவி வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காக அமைந்தது.

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பாரைட் ஒரு மூட்டைகூடப் போடாமலேயே சேற்றின் எடை ஏறும். எடை ஏறினால் அடியில் அழுத்தம் கூடும். பலமில்லாத பாறை விரிசல் விட்டுச் சேற்றைக் குடித்துவிடும். அழுத்தம் கூடும்போது பிட் வெட்டும் வேகமும் குறையும். மெல்லியதாக, ரப்பர்போல் இருக்க வேண்டிய சுவர்ப்படலம் பாறைத்தூள் கலந்து தடித்துப் பஞ்சுபோலாகும். டிரில் பைப் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அந்தப் படலத்தில் புதைந்து, அழுத்த வேறுபாட்டில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பைப்பை விடுவிக்க ஆகும் நாட்களின் ரிக் வாடகையோடு ஒப்பிட்டால் ஷேக்கர் சல்லடையின் விலை ஒன்றுமே இல்லை. கேசிங் (கிணற்றுச் சுவரைக் காக்கும் இரும்புக் குழாய்) இறக்கியபின் போடும் சிமென்ட் சுவரோடு பிடிக்காமல் போவதற்கும் இதே தடித்த படலம் ஒரு காரணம்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது

சேற்றின் ஒப்படர்த்தியைக் காட்டும் தராசு, மணல் குழாய், ரிட்டார்ட், மெத்திலீன் புளூ சோதனை: இந்த நான்கும் போதும்.

மணல் அளக்க, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் குறித்த கோடு வரை சேற்றையும், மேல்கோடு வரை தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி, 200 மெஷ் சல்லடையில் கொட்டிக் கழுவ வேண்டும். சல்லடையில் நின்றதைப் புனல் வைத்துத் திரும்பக் குழாயில் இறக்கினால், அடியில் படியும் மணலின் சதவீதத்தை நேராகப் படிக்கலாம். 74 மைக்ரானுக்கு மேற்பட்டதே இதில் நிற்கும். பம்ப் உறிஞ்சும் தொட்டியில் இது அரை சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆனால் ‘மணல் குறைவு, ஆகவே சேறு சுத்தம்’ என்று முடிவு கட்ட வேண்டாம். நுண்தூள் இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது.

பாரைட் போடாத நன்னீர்ச் சேறு என்றால் தராசே விடை சொல்லிவிடும். ஒப்படர்த்தியிலிருந்து 1-ஐக் கழித்து, 1.6-ஆல் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 1.08 என்றால் திடப்பொருள் 5 சதவீதம், 1.10 என்றால் 6.25 சதவீதம்.

பாரைட் போட்ட சேற்றில் ரிட்டார்ட் தேவைப்படும். குறித்த அளவு சேற்றைச் சூடாக்கி, ஆவியாகும் நீரைக் குளிர்வித்து அளந்தால், மிச்சம் திடப்பொருள். ஒப்படர்த்தி 1.35, திடப்பொருள் 16 சதவீதம், நீர் 84 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உப்பும் எண்ணெயும் இல்லை. ஒரு லிட்டர் சேறு 1.35 கிலோ, அதில் நீர் 0.84 கிலோ. மீதி 0.51 கிலோ எடையை 0.16 லிட்டர் திடப்பொருள் தர வேண்டும். அது முழுக்க எல்.ஜி.எஸ். என்றால் 0.16 × 2.6 = 0.416 கிலோதான் வரும். குறைகிற 0.094 கிலோவை இரண்டு ஒப்படர்த்திகளின் வித்தியாசமான 1.6-ஆல் வகுத்தால் பாரைட் கிட்டத்தட்ட 5.9 சதவீதம், எல்.ஜி.எஸ். 10.1 சதவீதம். அதே 1.35 எடையை 5 சதவீத எல்.ஜி.எஸ்., 8.4 சதவீத பாரைட் கொண்டும் எட்டலாம். அப்போது மொத்தத் திடப்பொருள் 13.4 சதவீதம்தான். தராசு இரண்டு சேற்றுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். கிணற்றுக்குள் இரண்டும் ஒன்றல்ல.

இந்த எல்.ஜி.எஸ்.ஸில் நாம் போட்ட பென்டோனைட் எவ்வளவு, பாறையிலிருந்து வந்த களிமண் எவ்வளவு என்பதை ஊகிக்க மெத்திலீன் புளூ சோதனை. நீங்கள் மூட்டை எதுவும் போடாத நாட்களில் இதன் அளவு ஏறினால், அது கிணறு தரும் களிமண்.

ஷேக்கர்: காசு செலவழிக்க வேண்டிய இடம்

வேறெந்தக் கருவியும் செய்யாத வேலையை ஷேக்கர் செய்கிறது. கிணற்றிலிருந்து வரும் சேறு முழுவதும் இதைத் தாண்டித்தான் போகிறது. இங்கே கோட்டைவிட்டால் பின்னால் எத்தனை இயந்திரம் வைத்தும் ஈடுகட்ட முடியாது.

இப்போதைய ஷேக்கர்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் அல்லது நீள்வட்டத்தில் அதிர்பவை. சல்லடையின் நுணுக்கத்தை ஏ.பி.ஐ. (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தர எண்ணால் குறிப்பார்கள். ஏ.பி.ஐ. 100 என்றால் ஏறத்தாழ 150 மைக்ரான், ஏ.பி.ஐ. 140 என்றால் 105, ஏ.பி.ஐ. 200 என்றால் 74. இந்த எண்ணையே பார்த்து வாங்குங்கள். பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் ‘மெஷ்’ எண் வேறு வேறு நெசவுகளில் வேறு வேறு துவாரத்தைக் குறிக்கும்.

எந்தச் சல்லடை சரி? சேறு சல்லடையின் முக்கால் பாகம் வரை நனைத்து, கடைசிக் கால் பாகம் ஈரம் வடிந்து கட்டிங்ஸ் மட்டும் நகரும் நிலையைத் தருகிற மிக நுண்ணிய சல்லடைதான் சரியானது. சேறு பாதியிலேயே வடிந்துவிட்டால் இன்னும் நுண்ணிய சல்லடைக்கு இடமிருக்கிறது. விளிம்பு தாண்டி வழிந்தால் முதலில் தளத்தின் சாய்வைக் கூட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு ஷேக்கரைச் சேருங்கள். பருமனான சல்லடைக்கு மாறுவது கடைசியாக. மேல்மட்டத்தில் ஒட்டும் களிமண் வரும்போது ஏ.பி.ஐ. 80 போன்றவற்றில் தொடங்கி, ஆழம் போகப்போக 140, 170, 200 என்று நுணுக்கத்தை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம்.

அடிக்கடி நடக்கும் கோளாறுகள் இவை. துவாரத்தின் அளவே உள்ள மணல் கண்ணிகளில் சிக்கிச் சல்லடையை அடைத்துவிடும். உடனே பருமனான சல்லடையைப் போடத்தான் கை போகும். ஆனால் ஒரு படி நுண்ணியதைப் போட்டால் அந்த மணல் உள்ளே நுழையாமல் மேலேயே உருண்டு போய்விடும், அடைப்பும் தீரும். பாலிமர் சரியாகக் கரையாமல் கட்டிகட்டியாக இருந்தாலும் சல்லடை பூசினாற்போல் அடையும். அது சேறு கலக்கியதில் உள்ள குறை, சல்லடையின் குறையல்ல. நேர்கோட்டு ஷேக்கரின் இரண்டு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். மின் இணைப்பு மாறி இரண்டும் ஒரே பக்கம் சுழன்றால் கட்டிங்ஸ் முன்னால் நகராமல் அங்கேயே குதித்துக்கொண்டிருக்கும்.

கிழிசல் எல்லாவற்றிலும் மோசம். உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்று இருந்தால் சேறு அந்த எளிய வழியைத்தான் தேடிப்போகும். மற்ற சல்லடைகள் நுண்ணியதாக இருந்து பயனில்லை. ஒவ்வொரு முறை பைப் இணைக்க பம்ப் நிற்கும்போதும் சல்லடையைக் கழுவி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துளையிடும்போது சல்லடைமேல் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடிப்பதும் தவறு. அது சேற்றை நீர்க்கச் செய்வதோடு, மேலே நிற்க வேண்டிய துகளையும் தள்ளி உள்ளே அனுப்புகிறது.

ஷேக்கருக்கு முன்னால் சேறு வந்து விழும் பெட்டியில் (பாஸம் பெல்லி என்பார்கள்) பருமனான கட்டிங்ஸ் படிந்திருக்கும். பைப்பை வெளியே எடுப்பதற்கு முன் சுத்தம் செய்கிறோம் என்று அதன் அடிக்கதவைத் திறந்து தொட்டிக்குள் விடுவது பல ரிக்குகளில் நடப்பதுதான். அடுத்த முறை பம்ப் ஓடும்போது பின்னாலிருக்கும் கூம்புகள் (சேற்றைச் சுழற்றித் துகள் பிரிப்பவை) எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும். அதை வெளியே கழிவுக்குழிக்குத்தான் விட வேண்டும்.

கூம்புகள்

ஷேக்கருக்கு அடுத்தது மணல் பொறி: சாய்ந்த அடிப்பாகம் கொண்ட தொட்டி. கிழிந்த சல்லடை வழியே வந்த மணல் இதில் தானே படியும். இதில் மட்டும் கலக்கி இருக்கக் கூடாது. வாயு வரும் கிணறு என்றால் அடுத்து டீகேசர் (வாயு நீக்கி); வாயு கலந்த சேற்றை சென்ட்ரிஃப்யூகல் பம்ப் ஒழுங்காகத் தள்ளாது என்பதால் கூம்புகளுக்கு முன்னால் அதை வைக்கிறார்கள்.

டீசாண்டர் (மணல் நீக்கி), டீசில்ட்டர் (வண்டல் நீக்கி) இரண்டும் ஒரே தத்துவம். பம்ப் சேற்றைக் கூம்பின் மேல்பக்கம் ஓரமாகச் செலுத்துகிறது. உள்ளே சுழலும் வேகத்தில் கனமான துகள் சுவரோரம் ஒதுங்கி அடிவாய் வழியே வெளியேற, சுத்தமான சேறு நடுவே மேலெழுந்து அடுத்த தொட்டிக்குப் போகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. டீசாண்டரில் 10 அல்லது 12 அங்குலக் கூம்பு, ஒன்றுக்கு நிமிடத்துக்கு 500 கேலன் கொள்ளளவு, 40 முதல் 60 மைக்ரான் வரை பிரிக்கும். டீசில்ட்டரில் 4 அங்குலக் கூம்பு, ஒன்றுக்கு 50 கேலன், 15 முதல் 25 மைக்ரான் வரை. கிணற்றிலிருந்து வரும் ஓட்டத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொள்ளளவு வேண்டும்: நிமிடத்துக்கு 800 கேலன் ஓடினால் டீசில்ட்டரில் 20 கூம்புகள்.

கூம்பு வேலை செய்ய 75 அடி, அதாவது ஏறக்குறைய 23 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் தேவை. தண்ணீரில் இது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. சேற்றில் அதை ஒப்படர்த்தியால் பெருக்க வேண்டும்: 1.15 சேற்றுக்கு மானி 2.6 காட்ட வேண்டும். சேறு கனத்த பிறகும் மானி 2.3-லேயே நின்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறது.

அடிவாயைக் கண்ணால் பார்த்தாலே பாதி நோய் தெரியும். விரிந்த தெளிப்பாக விழுந்து, நடுவே காற்று உள்ளே உறிஞ்சப்பட்டால் கூம்பு நலமாக இருக்கிறது. கயிறு திரித்ததுபோல் கெட்டியாக இறங்கினால் அளவுக்கு மீறிய துகள் வருகிறது. கெட்டியாக வருவதைப் பார்த்துச் சிலர் மகிழ்வார்கள், உலர்ந்து வருகிறதே என்று. உண்மையில் அடிவாயில் நெரிசலாகி, மீதித் துகள் மேல்வழியே சுத்தச் சேற்றோடு போய்க்கொண்டிருக்கும். வாயைக் கொஞ்சம் அகலத் திறக்க வேண்டும், ஷேக்கரில் கிழிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். எதுவுமே விழவில்லை என்றால் வாய் அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தி எடுங்கள். முழுச் சேறாகக் கொட்டினால் உள்வாய் அடைத்திருக்கிறது: மற்ற கூம்புகளின் சுத்தச் சேறு பின்வழியாக இறங்கிக் கழிவாகப் போகிறது.

தொட்டிக் குழாய் அமைப்பில் நடக்கும் பிழைதான் இருப்பதிலேயே கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு கருவியும் தனக்கு முந்தைய அறையிலிருந்து உறிஞ்சி, அடுத்த அறையில் விட வேண்டும். உறிஞ்சிய அறையிலேயே திரும்ப விட்டால் சுத்தம் செய்ததையே சுத்தம் செய்துகொண்டிருப்போம். செய்யாத சேறு பக்கத்தில் தாண்டிப்போகும். இரு அறைகளுக்கும் நடுவே அடிமட்ட வழி திறந்திருக்கட்டும். கூம்புகள் ஓட்டத்தைவிட அதிகமாக எடுப்பதால் மிகுதி அதன் வழியே திரும்பி வரும். அடைத்து வைத்தால் முதல் அறை வற்றி பம்ப் காற்றை இழுக்கும். டீசாண்டருக்கும் டீசில்ட்டருக்கும் தனித்தனி பம்ப் வேண்டும் என்பதும் இதே கணக்குதான்.

பாரைட் கலந்த பின்

சுழலும் கருவிக்கு பாரைட்டும் பாறைத்தூளும் அடையாளம் தெரியாது. 10 மைக்ரான் பாரைட்டும் 14 மைக்ரான் பாறைத்தூளும் அதற்கு ஒரே கனம். பாரைட்டில் பெரும்பகுதி 74 மைக்ரானுக்குக் கீழ்தான் இருக்கும். எனவே கனமான சேற்றில் டீசில்ட்டரை ஓட்டினால் பணம் அடிவாய் வழியே ஒழுகும். அதற்காகத்தான் மட் கிளீனர்: டீசில்ட்டர் கூம்புகளுக்கு அடியில் நுண்சல்லடை வைத்தது. பாரைட் சல்லடையைத் தாண்டித் தொட்டிக்குத் திரும்பும், பருமனான துகள் மேலே தங்கி வெளியே போகும். ஷேக்கரிலேயே ஏ.பி.ஐ. 170, 200 ஒழுங்காக ஓடினால் மட் கிளீனருக்குப் பெரிதாக வேலை இருக்காது.

மிக நுண்ணிய தூளுக்கு சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் உருளை. 14 அங்குல உருளை நிமிடத்துக்கு 1,800 சுற்று சுழன்றால் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 640 மடங்கு விசை. 3,000 சுற்றில் 1,790 மடங்கு. பாரைட் இல்லாத சேற்றில் வேகமாக ஓட்டி, திடப்பொருளைக் கொட்டி, நீர்மத்தைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். பாரைட் உள்ள சேற்றில் நேர்மாறு: மெதுவாக ஓட்டினால் கீழே வருவது பெரும்பாலும் பாரைட், அதுதான் தொட்டிக்குப் போக வேண்டும், நுண்தூள் நிறைந்த நீர்மம் கழிவு, அல்லது இரண்டாவது, வேகமான சென்ட்ரிஃப்யூஜுக்கு. ஷிஃப்ட் மாறும்போது சரிவுத்தட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் ஓர் இரவில் நிறைய பாரைட் குழிக்குப் போய்விடும். உருளை முழு வேகம் எடுத்த பின்பே சேற்றைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் சேற்றை மூடி, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, அப்புறம் மின்சாரத்தை அணைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே காய்ந்த கட்டி சமநிலை குலைத்து, மறுமுறை ஓட்டும்போது இயந்திரம் உதறும்.

மிஞ்சியதற்குத் தண்ணீர்

எந்த இயந்திரத்துக்கும் சிக்காத தூளைப் புதுச் சேறு கலந்து நீர்க்கச் செய்துதான் சமாளிக்க முடியும். தொடக்கத்தில் பார்த்த 38 கனமீட்டரையே எடுத்துக்கொள்வோம். பாறைத்தூள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றையும் பிரிக்கவில்லை என்றால் 38-ஐ 0.05-ஆல் வகுத்து 760 கனமீட்டர் சேறு தேவை. 80 சதவீதத்தைப் பிரித்தால் மிஞ்சுவது 7.6, தேவை 152. இடையிலுள்ள 608 கனமீட்டருக்கான தண்ணீர், வேதிப்பொருள், அதைக் கொட்டுவதற்கான குழி, எல்லாமே மிச்சம். இதில் எளிய வழி என்று ஒன்றிருக்கிறதென்றால், களிமண் கரையாமல் பார்த்துக்கொள்வது. பொட்டாசியம் குளோரைடும் தகுந்த பாலிமரும் சேர்த்த சேற்றில் ஷேல் (களிமண் பாறை) முழுத்துண்டாக மேலே வரும், ஷேக்கரும் பிடித்துவிடும். வெறும் நன்னீரில் அதே ஷேல் வழியிலேயே கரைந்துவிடும்.

வெளியே தள்ளும் கட்டிங்ஸோடு சேறும் போகிறது. ஒரு லிட்டர் பாறைக்கு ஒரு லிட்டர் சேறு என்பது சாதாரணம். அதனால் கழிவையும் அளக்க வேண்டும். ஷேக்கர், டீசில்ட்டர், சென்ட்ரிஃப்யூஜ் மூன்றின் வாயிலும் தனித்தனியே மாதிரி எடுத்து எடை பார்த்து, ரிட்டார்டில் போடுங்கள். டீசில்ட்டரின் அடிவாயில் வருவதன் ஒப்படர்த்தி, உள்ளே போகும் சேற்றைவிடக் குறைந்தது 0.3 கூடுதலாக இல்லையென்றால், அங்கே பிரிவது துகள் அல்ல, நல்ல சேறு.